மகளுக்கு டிவி தொடரில் வாய்ப்பு: கணவருக்குத் தெரியாமல் நான் கையெழுத்து போடலாமா?

தெற்கு லண்டனின் குரோய்டனிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடாது என்பதால் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். திருச்சியிலிருந்து வந்து 14 வருடங்களாக இங்கே இருக்கிறார்கள். மகளுக்கு 15 வயது. செப்டம்பரில் இயர் 11 வகுப்பு, அடுத்த மே மாதம் 16 வயதில் எழுதும் பொதுத் தேர்வான ஜி.சி.எஸ்.இ. பள்ளி நாடக ஆசிரியை சொன்னதைக் கேட்டு, ஒரு டிவி தொடருக்கான நடிகர் தேர்வுக்கு மகள் தன் போனிலேயே நடித்து வீடியோ எடுத்து அனுப்பியிருக்கிறாள். இரண்டு முறை நேரில் கூப்பிட்டார்கள். இப்போது ஒரு துணைக் கதாபாத்திரம் தருகிறோம் என்கிறார்கள். செப்டம்பர், அக்டோபரில் ஆறு வாரங்களுக்குள் 11 நாள் படப்பிடிப்பு. அதில் பாதி நாட்கள் பிரிஸ்டலில்.

இதற்கு நடுவே ஒரு ஏஜென்சி தானாகவே தொடர்பு கொண்டிருக்கிறது. மூன்று வருட ஒப்பந்தம், 25 சதவீத கமிஷன், அதோடு புகைப்படத்துக்கும் பதிவுக்கும் முன்பணம் 895 பவுண்ட்.

அப்பாவுக்குத் துளியும் விருப்பமில்லை. "சரித்ரா சந்திரனும் தமிழ்ப் பொண்ணுதானே, அவங்க ஜெயிக்கலையா?" என்று அந்த டிவி நடிகையைக் காட்டி மகள் கேட்கிறாள். "அந்தப் பொண்ணு ஆக்ஸ்போர்டு முடிச்சிட்டுத்தான் நடிக்கப் போச்சு" என்று அப்பா திருப்பிக் கொடுக்கிறார். இரண்டு வாரமாக மகள் அப்பாவோடு உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. பாட்டி வேறு, "நம்ம நிறத்துக்கு என்ன வேஷம் குடுத்துடப் போறாங்க" என்று அவள் காதுபடவே சொல்லிவிட்டார். கடைசியில் மகள், "அம்மா, நீ ஒருத்தி கையெழுத்து போட்டா போதுமாம்" என்று சொல்லியிருக்கிறாள். போடலாமா என்பதுதான் கேள்வி.

அன்புள்ள சகோதரி,

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். உங்கள் கேள்விக்கு முதலில் நேரான பதில்: மகள் சொல்வது சட்டப்படி கிட்டத்தட்ட சரி. ஆனாலும் கணவருக்குத் தெரியாமல் கையெழுத்து போடாதீர்கள்.

1989-ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டப்படி, திருமணமான தாய், தந்தை இருவருக்குமே பெற்றோர் பொறுப்பு உண்டு. பெரும்பாலான விஷயங்களில் ஒருவர் தனியாகவே முடிவெடுக்கலாம். நடிப்பதற்கான உரிம விண்ணப்பத்திலும் ஒரு பெற்றோர் கையெழுத்து போதும். ஆனால் உங்கள் கணவர், அந்த உரிமத்தைத் தருகிற உள்ளாட்சி கவுன்சிலுக்கு எழுதி ஆட்சேபம் தெரிவித்தால் அவர்கள் அதைக் கணக்கில் எடுப்பார்கள். குடும்ப நீதிமன்றத்துக்குப் போய்த் தடை உத்தரவு கேட்கவும் அவருக்கு உரிமை உண்டு. நீங்கள் மறைத்துச் செய்தால் அவர் அந்த அளவுக்குப் போக மாட்டார் என்று என்னால் சொல்ல முடியாது. படப்பிடிப்பு தொடங்கிய பிறகு தகராறு வந்தால் நடுவில் நிற்கப்போவது உங்கள் மகள். அந்த நிலைமையில் அவளை விடாதீர்கள்.

ஏன் வேண்டாம் என்கிறார் என்பதையும் நீங்கள் இன்னும் முழுதாகக் கேட்கவில்லை என்று தோன்றுகிறது. படிப்பு கெடும் என்பது அவர் வாயால் சொல்வது. மகளை யார் எப்படிப் படம் பிடிப்பார்கள், யாரோடு இரவு தங்க வைப்பார்கள் என்பதுதான் மனதுக்குள் ஓடும் பயம் என்பது என் ஊகம். பெண் பிள்ளையைப் பெற்ற தகப்பனுக்கு அது நியாயமான பயம். அதற்கும் பதில் இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

முதலில் அந்த 895 பவுண்ட்

கொடுக்காதீர்கள். ஒரு பவுண்டுகூட வேண்டாம்.

நடிக்க வருகிறவர்களிடம் இதெல்லாம் வழக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். வழக்கம் அப்படி இல்லை. ஏஜென்ட்டின் வருமானம் கமிஷன்தான். வேலை கிடைத்துச் சம்பளம் வந்த பிறகு அதிலிருந்து எடுத்துக்கொள்வார், பொதுவாக 10 முதல் 20 சதவீதம். வேலை தேடித் தருவதற்காக முன்பணம் வாங்குவதை இங்கிலாந்துச் சட்டம் தடுக்கிறது. நடிகர்கள் போன்ற கலைஞர்களுக்கு ஒரு விதிவிலக்கு உண்டு: பெயரையும் படத்தையும் ஒரு புத்தகத்திலோ இணையப் பட்டியலிலோ வெளியிடுவதற்குக் கட்டணம் வாங்கலாம். அதையும் ஒப்பந்தமாகி முதல் 30 நாட்களுக்கு வாங்கக் கூடாது. அந்த 30 நாளுக்குள் எந்தச் செலவும் இல்லாமல் நீங்கள் விலகிக்கொள்ளலாம். "எங்களிடமே படம் எடுத்தால்தான் சேர்த்துக்கொள்வோம்" என்று நிபந்தனை போடுவதும் வேலைவாய்ப்பு ஏஜென்சிகளுக்கான 2003-ஆம் ஆண்டு விதிகளுக்கு எதிரானது. மிரட்டலாகப் பேசினால், வேலை தொடர்பான பிரச்சினைகளுக்கு ஆலோசனை தரும் ஏகாஸ் (Acas) அமைப்பின் உதவி எண்ணில் புகார் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்த வாய்ப்பு பள்ளி மூலமாக, உங்கள் மகளின் சொந்த முயற்சியில் வந்தது. ஏஜென்சி தேடித் தந்ததில்லை. இதிலிருந்து 25 சதவீதம் கேட்க அவர்களுக்கு எந்தக் காரணமும் கிடையாது. கையில் ஒரு வேலை இருக்கும்போது நல்ல ஏஜென்ட் கிடைப்பதும் எளிது. நடிகர் தேர்வு செய்தவரிடமே "யாரிடம் பேசலாம்?" என்று கேளுங்கள், இரண்டு மூன்று பெயர் சொல்வார். அவசரமே இல்லை.

கையெழுத்து போட்டால் மாட்டிக்கொள்வாளா?

மூன்று வருடம் அசையவே முடியாது என்று பயந்திருக்கிறீர்கள். 18 வயதுக்குக் கீழே இருப்பவர் செய்யும் ஒப்பந்தத்தைச் சட்டம் வேறு மாதிரி பார்க்கிறது. ஒரு வேலையையோ பயிற்சியையோ தருகிற, மொத்தத்தில் பிள்ளைக்கு நன்மை செய்கிற ஒப்பந்தம் செல்லும். தயாரிப்பு நிறுவனத்தோடு செய்யும் நடிப்பு ஒப்பந்தம் இந்த வகைக்குள் வரும். அதனால் அதை விளையாட்டாக நினைத்துக் கையெழுத்து போட முடியாது.

ஏஜென்ட் ஒப்பந்தத்தின் கதை வேறு. கால்பந்து வீரர் வேய்ன் ரூனி 15 வயதில் ஒரு ஏஜென்சியோடு ஒப்பந்தம் போட்டிருந்தார். அது பின்னால் வழக்காகி, 2006-இல் நீதிமன்றம் சொன்னது இதுதான்: ஏஜென்ட் ஒப்பந்தம் பிள்ளைக்கு விளையாடும் வேலையைத் தருகிற ஒப்பந்தத்துக்குச் சமமாகாது, ஆகவே அது அவரைக் கட்டுப்படுத்தாது, வேண்டாமென்றால் விட்டுவிடலாம். உங்கள் மகளுக்கும் இந்த வாதம் பொருந்தும்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. ஏஜென்சிக்காரர்களுக்கும் இந்தத் தீர்ப்பு தெரியும். அதனால்தான் பெற்றோர் கையெழுத்து கேட்கிறார்கள். பல படிவங்களில், மகள் ஒப்பந்தத்தை மீறினால் நஷ்டத்தைப் பெற்றோர் ஏற்பதாக ஒரு வரி இருக்கும். மகளை விடுவிக்கும் சட்டம் உங்களை விடுவிக்காது. நீங்கள் அனுப்பிய நகலில் ஒன்பதாவது பத்தி அப்படிப்பட்டதுதான். அந்தக் காகிதத்தை எடுத்து ஓரமாக வைத்துவிடுங்கள்.

உரிமம், பள்ளி, பிரிஸ்டல்

இங்கேதான் உங்கள் கணவரைப் பக்கத்தில் உட்கார வைத்துப் படிக்கச் சொல்வேன்.

இங்கிலாந்தில் பள்ளிப் பிள்ளை ஒன்று இப்படி நடிக்க வேண்டுமானால், அது குடியிருக்கும் பகுதியின் கவுன்சில் உரிமம் தர வேண்டும். 16 வயது நிறையும் கல்வியாண்டில் ஜூன் கடைசி வெள்ளிக்கிழமை வரை இது பொருந்தும். உங்கள் மகளின் படப்பிடிப்பு முழுவதும் இந்தக் காலத்துக்குள் வருகிறது. விண்ணப்பிக்க வேண்டியது தயாரிப்பு நிறுவனம், நீங்கள் இல்லை. குறைந்தது 21 நாட்களுக்கு முன்னால் கொடுக்க வேண்டும், தாமதமானால் கவுன்சில் மறுக்கலாம். பள்ளி நாட்களில் விடுப்பு தேவை என்பதால் தலைமையாசிரியரின் கருத்தையும் கேட்பார்கள். படிப்பு பாதிக்கப்படும் என்று தெரிந்தால் உரிமம் கிடைக்காது. ஆக, உங்கள் கணவரின் கவலையைக் கவலையாக எடுத்துக்கொள்ள ஒரு அரசு அலுவலகமே இருக்கிறது.

அவள் வயதுக்குப் படப்பிடிப்புத் தளத்தில் ஒரு நாளைக்கு அதிகபட்சம் ஒன்பதரை மணி நேரம்தான் இருக்கலாம். அதில் நடிப்பு ஐந்து மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. தொடர்ந்து இரண்டரை மணி நேரத்துக்கு மேல் கேமரா முன் நிறுத்தக் கூடாது. காலை 7 மணிக்கு முன்போ இரவு 11 மணிக்குப் பிறகோ வேலை இல்லை. பள்ளி போகாத ஒவ்வொரு பள்ளி நாளுக்கும் மூன்று மணி நேரம் படிப்பு சொல்லித் தரவேண்டும். அந்த நேரத்தை வாரக் கணக்கில் கூட்டிக் குறைத்து அமைக்கலாம், ஆனால் வாரத்துக்கு ஆறு மணி நேரத்துக்குக் கீழே போகக் கூடாது. எந்தப் பாடத்தை யார் நடத்துவார் என்று இப்போதே கேளுங்கள். உங்கள் மகள் கணக்கில் பலவீனம் என்று எழுதியிருக்கிறீர்கள். கணக்கு ஆசிரியர் வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள், தருவார்கள்.

பிரிஸ்டலில் தங்கும் இடத்துக்குக் கவுன்சிலின் ஒப்புதல் வேண்டும். கூடவே, கவுன்சில் சரிபார்த்து அனுமதித்த பாதுகாவலர் ஒருவர் இருக்க வேண்டும். அவர் பார்த்துக்கொள்வது பிள்ளைகளை மட்டும்தான், வேறு வேலை அவருக்குத் தரக் கூடாது. அப்பாவோ அம்மாவோ கூடப் போனால் அந்தப் பொறுப்பை அவரே ஏற்கலாம், தனி அனுமதி தேவையில்லை. முதல் இரண்டு நாள் உங்கள் கணவர் விடுப்பு எடுத்துக்கொண்டு கூடப் போனால் நன்றாக இருக்கும் என்பது என் ஆசை. அங்கே நடப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

அடுத்து, என்ன மாதிரிக் காட்சிகள் என்ற கேள்வி. 18 வயதுக்குக் கீழே இருப்பவரை ஆபாசமாகப் படம் எடுப்பது இங்கே கடுமையான குற்றம். அம்மா அப்பா சம்மதித்தாலும் குற்றம்தான். அதற்குக் கீழே இருக்கும் விஷயங்கள், முத்தம், உடை, சிகரெட், வசைச்சொல், இவற்றை நீங்கள்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அவள் வருகிற காட்சிகள் எல்லாவற்றின் பக்கங்களையும் கேளுங்கள். திரைக்கதை பின்னால் மாறினால் முன்கூட்டியே உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும், அவளுக்கு விருப்பமில்லாத காட்சியை மறுக்கலாம் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். இந்த வரியைச் சேர்க்க மறுக்கிற நிறுவனத்துக்கு மகளை அனுப்ப வேண்டாம்.

சரித்ராவை வைத்து நடக்கும் சண்டை

உங்கள் வீட்டில் அப்பாவும் மகளும் ஒரே நடிகையைக் காட்டி எதிரெதிராக வாதாடுகிறார்கள். இரண்டு பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது.

சரித்ரா சந்திரன் 1997-இல் ஸ்காட்லாந்தின் பெர்த் நகரில் பிறந்தவர். பெற்றோர் தமிழ்நாட்டிலிருந்து வந்து மருத்துவத் துறையில் வேலை செய்தவர்கள். ஆக்ஸ்போர்டில் தத்துவம், அரசியல், பொருளாதாரம் படித்தார், அங்கேயே மாணவர் நாடகங்களிலும் நடித்தார். பட்டம் முடிந்ததும் ஒரு பெரிய ஆலோசனை நிறுவனத்தில் வேலை தயாராக இருந்தது. அதில் சேரும் நாளைத் தள்ளிப்போட்டுவிட்டு நடிப்பில் முயன்று பார்த்தார். 2021-இல் ஒரு தொடரில் வந்தார். 2022 மார்ச்சில் வெளிவந்த பிரிட்ஜர்டன் என்ற நெட்ஃபிளிக்ஸ் தொடரின் இரண்டாம் பருவத்தில் எட்வினா சர்மாவாக உலகத்துக்கே தெரிந்தார். 2024-இல் லண்டன் காரிக் தியேட்டரில் ஒரு முழு நாடகத்தைத் தனி ஆளாக நடித்தார். ஆக, படிப்பு முடிந்த பிறகுதான் வந்தார் என்று உங்கள் கணவர் சொல்வது சரி. ஆனால் படிக்கும் காலத்திலேயே அவர் நடிப்பை விடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அதே தொடரில் அக்காவாக வந்த சிமோன் ஆஷ்லியும் தமிழ்ப் பெற்றோரின் மகள்தான். 1995-இல் சர்ரேயில் பிறந்தவர். அவர் போனது நடிப்புப் பள்ளி வழி. ஒரே வீட்டுச் சகோதரிகளாக நடித்த இரண்டு பேர் இரண்டு வேறு பாதையில் வந்திருக்கிறார்கள். (அந்தத் தொடரில் அக்காவைத் "தீதி" என்பார்கள், தந்தையை மட்டும் "அப்பா" என்பார்கள். அந்த ஒரு சொல் காதில் விழுந்ததும் எத்தனை தமிழ் வீடுகளில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள்! எங்கள் வீட்டில் உட்கார்ந்தோம்.)

உங்கள் மகளின் வயதுக்கும் நிலைமைக்கும் நெருக்கமான உதாரணம் இவர்கள் இருவரும் இல்லை, எம்மா வாட்சன். பெற்றோர் இருவருமே வழக்கறிஞர்கள். ஆக்ஸ்போர்டில் பகுதி நேர நாடக வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்த பிள்ளை, பள்ளி மூலமாகத்தான் ஹாரி பாட்டர் தேர்வுக்குப் போனார். முதல் படம் 2001-இல் வந்தபோது வயது 11. படப்பிடிப்புத் தளத்திலேயே ஆசிரியரிடம் பாடம் படித்து, 2006-இல் ஜி.சி.எஸ்.இ. எழுதினார். பத்துப் பாடங்களில் எட்டில் அப்போதைய உச்ச தரமான ஏ ஸ்டார், இரண்டில் ஏ. அப்புறம் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் படித்து 2014-இல் பட்டம் வாங்கினார். நடுவில் படங்களுக்காக இடைவெளி விட்டதால் வழக்கத்தைவிட ஒரு வருடம் கூடுதலாக ஆனது. எல்லாப் பிள்ளைக்கும் எட்டு ஏ ஸ்டார் வரும் என்று சொல்லவில்லை. ஆனால் அவர் நடித்தது வருடக் கணக்கில். உங்கள் மகளுக்கு 11 நாள். இதனால் படிப்பே போய்விடும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எம்மாவின் வாழ்க்கையில் மறுபக்கமும் உண்டு. தன் 18-வது பிறந்தநாள் விருந்து முடிந்து வெளியே வந்தபோது, பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் தரையில் படுத்துத் தன் பாவாடைக்குக் கீழே படம் எடுத்ததாக அவரே பின்னாளில் சொன்னார். முந்தின நாள் வரை வெளியிட்டால் சட்டவிரோதம் என்பதால் காத்திருந்திருக்கிறார்கள். அப்படிப் படம் எடுப்பது இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தனிக் குற்றமானது 2019 ஏப்ரலில்தான். புகழ் வந்த பெண்ணுக்கு இது நடந்தது என்பதை உங்கள் மகளும் தெரிந்துகொள்ளட்டும். பயமுறுத்தச் சொல்லவில்லை. தொடர் வெளிவரும் முன் அவளுடைய சமூக வலைதளக் கணக்குகளைப் பூட்டி, பள்ளிச் சீருடை தெரியும் படங்களை நீக்கிவிடுங்கள். செய்தி அனுப்பும் அந்நியர் யாருக்கும் பதில் போட வேண்டாம் என்று பேசி வையுங்கள்.

உங்கள் மாமியார் சொன்னதைப் பற்றியும் ஒரு வார்த்தை. சிறுவயதில் நிறத்தை வைத்து நம் ஆட்களிடமிருந்தே கேட்ட பேச்சைப் பற்றி சரித்ரா வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். அந்தப் பேச்சு ஒரு பெண்ணின் மனதில் எத்தனை வருடம் தங்குகிறது என்று நானும் பார்த்திருக்கிறேன். இந்தச் சம்பவத்தில் நடிப்பைவிட அதுதான் உங்கள் மகளை அதிகம் காயப்படுத்தியிருக்கும் என்று நினைக்கிறேன். மாமியாரிடம் உங்கள் கணவர் பேசட்டும். மகளிடம் நீங்கள் பேசுங்கள், இன்றைக்கே.

பணம் யாருடையது?

"பணத்தை வீட்டுக் கடனில் போட்டுவிடலாமா?" என்று கடைசியில் தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். அது அவள் சம்பாத்தியம், அவளுக்கே சொந்தம். நீங்கள் அதைப் பார்த்துக்கொள்கிறவர்கள் மட்டும்தான்.

அமெரிக்காவில் சாப்ளினோடு நடித்த ஜாக்கி கூகன் என்ற சிறுவன் லட்சக்கணக்கான டாலர் சம்பாதித்தான். பெரியவனானதும் கேட்டபோது தாயும் மாற்றாந்தந்தையும் பெரும்பகுதியைச் செலவழித்திருந்தார்கள். 1938-இல் வழக்கு போட்டார். அதன் விளைவாகத்தான் 1939-இல் கலிபோர்னியா ஒரு சட்டம் கொண்டுவந்தது. இன்று அங்கே குழந்தை நடிகரின் சம்பளத்தில் 15 சதவீதத்தைத் தனிக் கணக்கில் பூட்டி வைத்தாக வேண்டும். இங்கிலாந்தில் அப்படிக் கட்டாயம் இல்லை. உரிமம் தரும்போது பணத்தை நீதிமன்றக் கணக்கிலோ வேறு முறையிலோ போடச் சொல்லக் கவுன்சிலுக்கு அதிகாரம் இருக்கிறது, ஆனால் எல்லோருக்கும் அதைச் செய்வதில்லை. அதனால் உங்கள் நேர்மைதான் அவளுக்குப் பாதுகாப்பு.

அவள் பெயரில் ஜூனியர் ஐசா என்ற, பிள்ளைகளுக்கான வரியில்லாச் சேமிப்புக் கணக்கைத் திறந்து போடுங்கள். வருடத்துக்கு 9,000 பவுண்ட் வரை போடலாம், 18 வயது வரை யாரும் எடுக்க முடியாது. வருமான வரியில் பிள்ளைக்கும் 12,570 பவுண்ட் வரை விலக்கு உண்டு, அவளுக்குச் சொல்லப்பட்ட தொகை அதைத் தொடவில்லை. முதல் காசோலையிலிருந்தே கணக்கை அவளுக்குக் காட்டுங்கள். எம்மா வாட்சன் தன்னிடம் எவ்வளவு பணம் இருக்கிறது என்பதையே பதின்வயதின் கடைசியில்தான் தெரிந்துகொண்டு அதிர்ந்துபோனதாகச் சொல்லியிருக்கிறார். பிரயாணச் செலவு, சாப்பாட்டுச் செலவை அவள் சம்பளத்திலிருந்து எடுக்காதீர்கள், அதைத் தயாரிப்பு நிறுவனம் தர வேண்டும்.

நான் என்ன செய்வேன்

உங்கள் இடத்தில் இருந்தால் இந்த 11 நாளுக்குச் சரி என்பேன், மூன்று வருட ஒப்பந்தத்துக்கு முடியாது என்பேன். அவள் நடிகை ஆவாளா, டாக்டர் ஆவாளா என்று இப்போது யாரும் தீர்மானிக்க வேண்டியதில்லை. உங்கள் மூவருக்கும் நடுவே சண்டை பெரிதானது, ஆறு வார வேலையை முழு வாழ்க்கையாக நினைத்துப் பேசியதால்தான். அவளுக்குத் தொடர விருப்பம் இருந்தால், நேஷனல் யூத் தியேட்டர் 14 வயதிலிருந்து பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்கிறது. 1956-இலிருந்து இயங்கும் அமைப்பு. ஜி.சி.எஸ்.இ. முடிந்த கோடையில் அங்கே முயலட்டும்.

கணவரிடம் மூன்று நிபந்தனை கேட்டு வாங்குங்கள், அவரே சொல்லட்டும். மாதிரித் தேர்வு வாரத்தில் படப்பிடிப்பு கூடாது என்று அவர் சொன்னால் அதை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லலாம். மதிப்பெண் ஒரு அளவுக்குக் கீழே போனால் அடுத்த வேலை இல்லை என்றால் அதற்கும் மகள் ஒப்புக்கொள்ளட்டும். அவளிடமும் தனியாக ஒரு கேள்வி கேளுங்கள்: நடுவில் உனக்குப் பிடிக்காமல் போனால் எங்களிடம் சொல்வாயா? அப்பாவை எதிர்த்துப் போராடி வாங்கிய வாய்ப்பு என்றால் பிடிக்காவிட்டாலும் சொல்ல மாட்டாள். அவர் சம்மதம் எனக்கு இவ்வளவு முக்கியமாகப் படுவது இதனால்தான்.

அவர் கடைசி வரை ஒப்புக்கொள்ளவே இல்லையென்றால் இந்த முறை விட்டுவிடுங்கள். அவளுக்கு வலிக்கும். நடிகர் தேர்வாளரிடம் குடும்பக் காரணம் என்று மரியாதையாகச் சொல்லச் சொல்லுங்கள், அடுத்த முறை கூப்பிட அவர்கள் தயங்க மாட்டார்கள்.

சம்மதித்தால் தயாரிப்பு நிறுவனத்திடம் ஒப்பந்த வரைவையும், நாள் வாரியான படப்பிடிப்பு அட்டவணையையும், அவள் வரும் காட்சிகளையும் வாங்கி, கையெழுத்து போடுவதற்கு முன் எனக்கு அனுப்புங்கள். கட்டணம் வேண்டாம். அனுப்பும் முன் உங்கள் கணவரும் அதை ஒரு முறை படித்திருக்கட்டும், அவருடைய கேள்விகளை ஓரத்தில் பேனாவால் எழுதியிருந்தால் இன்னும் நல்லது.